வடக்குச் செவுரு காயற நேரம்

அந்த ஷட்டர எறக்காதம்மா. கொஞ்சம் உட்டு வை. சாரல் அடிக்குதுன்னா நீ இந்தப் பக்கம் வந்துடு, நான் ஜன்னலோரம் உக்காந்துக்கறேன். நனைஞ்சா நனையட்டும். எனக்கு வானத்தப் பாக்கணும்.

ஆங், இப்படி. பைய மடியில வெச்சுக்க, கீழ தண்ணி ஓடுது. மரக்காணம் பஸ்ஸு என்னைக்கு ஒழுகாம இருந்துச்சு.

என்னடா இந்தப் பொம்பள கழுத்த நீட்டி நீட்டிப் பாக்குதேன்னு நெனப்ப. எனக்கு இந்த மழை வேணும்மா. ஆனா நான் போய் எறங்கற நேரத்துக்கு அது நிக்கணும். எறங்கறதுக்கு முன்னாடியே நின்னுட்டா போச்சு. எறங்கின பின்னாடியும் ஊத்திக்கிட்டே இருந்தா நானும் நனைஞ்சுக்கிட்டே நிக்க வேண்டியதுதான். நின்ன பிறகு ஒரு அரை மணி நேரம் இருக்கு பாரு, அதுதான் எனக்கு வேணும். ஆவணி மாசத்துலருந்து அந்த அரை மணி நேரத்துக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.

விவசாயமா? எனக்கு ஏதும்மா நிலம். நான் கட்டட வேலை. எம்பேரு பூங்காவனம். பேட்ச் பூங்காவனம்னு சொன்னாத்தான் சைட்டுல தெரியும். நீ ஆஸ்பத்திரியா? கழுத்துல அட்டை தொங்குது, அதான் கேட்டேன். நர்சு. நைட் டூட்டி முடிச்சு வூட்டுக்குப் போறியா. சரி, அப்போ உனக்கு அவசரம் ஒண்ணுமில்ல. தூக்கம் வந்தா சொல்லு, நான் நிறுத்திடறேன். நிறுத்த மாட்டேன், சும்மா சொல்றேன்.

நீ பாத்திருப்ப. இப்பல்லாம் பெரிய பெரிய வூடு, ஆபீசு கட்டறாங்க, மேல பூச மாட்டாங்க, பெயிண்ட் அடிக்க மாட்டாங்க, வெறும் கான்கிரீட்ட அப்படியே உட்டுடுவாங்க. நம்ம ஆளுங்க பாத்தா இன்னும் கட்டி முடிக்கலையான்னு கேப்பாங்க. ஆனா அதுக்குத்தான் செலவு ஜாஸ்தி. ஏன்னா கான்கிரீட்டு ஊத்தறதுக்கு ரெண்டு பக்கமும் அடிச்ச பலகைய பிரிச்சதும் எப்படி வருதோ அதான் மூஞ்சி. பலகைய பிரிச்சா எப்படி வரும்? ஊசி குத்தின மாதிரி ஓட்டை இருக்கும். ஓரம் பேந்திருக்கும். சில எடத்துல சிமெண்ட்டுப் பாலு எறங்காம வெறும் ஜல்லி ஜல்லியா, தேன்கூடு மாதிரி நிக்கும். அத அப்படியே உட முடியாது. அதையெல்லாம் மூடறதுதான் என் வேலை. பதினெட்டு வருசமா அதான் செய்யறேன்.

குழிய எவன் வேணா மூடுவான். மூடினது தெரியக் கூடாது பாரு, அதான் வேலை. சிமெண்ட்டு ஈரமா இருக்கும்போது ஒரு கலரு, காஞ்சா ஒரு கலரு, ஒரு மாசம் வெயில் பட்டா இன்னொரு கலரு. நீ பூசும்போதே ஒரு மாசம் கழிச்சு அது என்ன கலர்ல நிக்கும்னு தெரிஞ்சிருக்கணும். அதே லோடுல வந்த சிமெண்ட்டு எடுப்பேன், வெள்ள சிமெண்ட்டு ரெண்டு சிட்டிகை, அதே குவியல் மணல பழைய வேட்டியில சலிச்சு எடுப்பேன். பலகை மேல பிஸ்கட்டு பிஸ்கட்டா தட்டிக் காய வெப்பேன். பத்து தட்டினா ஒண்ணு ஒத்துவரும். கையுறை கிய்யுறையெல்லாம் எனக்கு ஆவாது. கடைசித் தேய்ப்பு உள்ளங்கையாலதான். இந்தா, தொட்டுப் பாரு. மொழமொழன்னு இருக்கா? ரேசன் கடையில விரல் வெக்கச் சொல்றாங்க, மிசினு என்னைத் தெரியலங்குது. ரேகையெல்லாம் செவுத்துக்குப் போயிடுச்சு.

நான் மூடின எடத்த நானே காட்டினாத்தான் உண்டு. இல்லன்னா ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியாது. பெருமைக்குச் சொல்லல. பெருமைக்குத்தான் சொல்றேன், என்ன இப்போ. ஆனா இப்போ அதுவே எனக்கு வினையாப் போச்சு.

இந்த ரோட்டு மேலயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. பேரு வேணாம், நீயே பாப்ப. பனந்தோப்பு ஸ்டாப்பிங்ல எறங்கணும். மூணு வருசத்துக்கு முன்னாடி அங்க புள்ளைங்க கூடற ஹாலு ஒண்ணு கட்டினாங்க. வடக்குப் பக்கம் ஒரே செவுரு, அறுபதடி நீளம். எல்லாம் வெறும் கான்கிரீட்டு. அந்தக் கட்டடத்த வரைஞ்சவரு சாரநாத் சார்னு ஒருத்தரு. சத்தம் போட்டே பேச மாட்டாரு. ஆனா அவரு வண்டி கேட்டுக்குள்ள வந்தா ஜல்லி கூட நேரா நிக்கும்.

அவரு ஒரு பழக்கம் வெச்சிருந்தாரு. பலகைய அவரு எதிர்லதான் பிரிக்கணும். பிரிச்சதும் கையில சாக்பீஸோட செவுத்தோரமா நடப்பாரு. எங்க சரி பண்ணலாம்னு தோணுதோ அங்க வட்டம் போடுவாரு. வட்டத்துக்குள்ள மட்டுந்தான் நான் கை வெக்கலாம். வட்டம் இல்லாத எடத்துல ஒரு விரல் வெச்சாலும் வேலைய உட்டுப் போயிட வேண்டியதுதான். பெருசா ஏதாவது கெட்டுருந்தா வட்டமே போட மாட்டாரு, ஒரு கோடு போடுவாரு. கோடு போட்டா இடிக்கணும். இடிச்சுட்டு மறுபடி போடணும்.

அந்த வடக்குச் செவுத்துக்கு கான்கிரீட்டு போட்டது என் மருமகன். மணவாளன். அப்பதான் போர்மேனா ஆயிருந்தாரு, ஆறு மாசந்தான் ஆச்சு. கான்கிரீட்டு கொட்டக் கொட்ட உள்ள ஒரு வைப்ரேட்டரு உட்டு ஆட்டணும்மா, அப்பதான் சந்து பொந்தெல்லாம் போய் எறங்கும். அன்னைக்கு மத்தியானம் அவரு கொஞ்சம் போட்டுட்டு வந்திருந்தாரு. யாரு குடிக்கல, வெயில்ல வேலை செய்யறவங்க. வந்தவரு ஒரு மூலையில வைப்ரேட்டரு உடாமயே மேல மேல கொட்ட உட்டுட்டாரு. செவுத்துக் கோடி மூலையில்ல, நடுவுல ஒரு தூணும் செவுரும் ஒண்ணா சேர்ற மூலை. கம்பி நெருக்கமா இருக்கற எடம்.

அவருக்கே உள்ளுக்குள்ள உறுத்தியிருக்கு. மூணாம் நாளு சாயங்காலம் நாலு மணிக்கு சார் வந்து பலகைய பிரிக்கணும். அன்னைக்குக் காலையில ஆறு மணிக்கே இவரு தனியாப் போய் அந்த மூலையில மட்டும் கீழ் பலகைய கழட்டிப் பாத்திருக்காரு. பாத்துட்டு நேரா என் வூட்டுக்கு வந்துட்டாரு. வாசல்ல நின்னுக்கிட்டு அழுவுறாரு.

நான் போய்ப் பாத்தேன். ஒரு சாண் அகலம் இருக்கும். கைய உள்ள உட்டா மணிக்கட்டு வரைக்கும் போவுது. கம்பி தெரியுது.

சரியாப் பண்றதுன்னா எப்படிப் பண்ணணும்னு எனக்குத் தெரியாதாம்மா. சுத்தி இருக்கற பொக்க ஜல்லியெல்லாம் கொத்தி எடுக்கணும், கழுவணும், திரும்பப் பலகையால பொட்டி அடிச்சு அதுக்குன்னு இருக்கற கலவைய ஊத்தணும். சார்கிட்ட சொல்லணும். அவரு கோடு போடுவாரு. மாப்ளைக்கு வேலை போவும். மேகலா அப்போ அஞ்சு மாசம். மேகலான்னா என் பொண்ணு, ஒரே பொண்ணு.

அவரு ஒண்ணுதான் சொன்னாரு. "அத்தை, நீங்க மூடினா சாமிக்கே தெரியாது."

அந்த வார்த்தைக்குத்தான் நான் உழுந்தேன். பொண்ணுக்காகத்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன், உங்கிட்ட மறைப்பானேன். அவரு அப்படிச் சொன்னதும் எனக்குள்ள ஒண்ணு எழும்பி நின்னுச்சு.

சிமெண்ட்டு மூட்டைப் பேப்பர கிழிச்சு உள்ள அடைச்சேன். ரெண்டு செங்கல்லு துண்டு. அது மேல ரெண்டு அங்குலத்துக்குக் கலவை. உள்ளங்கையால தேய்ச்சேன். அப்பறம் ஒரு வேலை பண்ணேன் பாரு, அது இந்த ஜில்லாவுலயே யாருக்கும் தோணாது. கழட்டின பலகைக்கு எண்ணெய் தடவி அது மேலயே திரும்ப வெச்சு போல்ட்டு முடுக்கச் சொன்னேன். ஏன்னா பலகை பட்ட எடத்துக்கு ஒரு வழவழப்பு வரும், அத கையால கொண்டாரவே முடியாது. பலகை குடுத்ததுதான். நான் அந்தப் பலகைகிட்டருந்தே அத வாங்கிட்டேன்.

நாலு மணிக்கு சார் வந்தாரு. அவரு எதிர்ல பிரிச்சாங்க. செவுரு பூரா ஈரமா கருகருன்னு நிக்குது, அதோட இதுவும் நிக்குது. சாக்பீஸோட நடந்தாரு. அந்த மூலைக்கு வந்து நின்னாரு. உள்ளங்கைய வெச்சுத் தடவிப் பாத்தாரு. அப்பறம் சாக்பீஸ பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, "இந்தச் செவுத்துல எனக்கு வேலையே இல்ல"ன்னாரு. அவரு அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லையாம். எல்லாரும் கை தட்டினாங்க. மாப்ளைய கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு.

நான் மணல் குவியல்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். எனக்கு சந்தோசத்துல அழுவையே வந்துடுச்சு. அஞ்சு நிமிசம் கழிச்சு வயிறு எரிய ஆரம்பிச்சுது. பதினெட்டு வருசத்துல நான் செஞ்ச பெரிய வேலை அதுதான். அத நான் செஞ்சேன்னு சொல்ல முடியாது. தெறப்பு விழாவுல மாப்ளைக்குப் பொன்னாடை போத்தினாங்க. ஏதோ புஸ்தகத்துல அந்தச் செவுரு போட்டோ வந்துச்சு. மாப்ள அத கண்ணாடி போட்டு வூட்டுல மாட்டியிருக்காரு. நான் போறப்பல்லாம் அதத் தொடச்சு வெச்சுட்டு வருவேன்.

மழை கொஞ்சம் கம்மியாயிருக்கா? இல்ல, அந்தப் பக்கம் கருப்பாத்தான் இருக்கு. இது எந்த ஊரு? இன்னும் ஆறு ஸ்டாப்பிங் இருக்கு.

நான் வாழ்க்கையில பொய் சொன்னதில்லம்மா. கேட்டுக்க. என்னைக் கேட்டா உள்ளத சொல்லிடுவேன். யாரும் என்னைக் கேக்கல, அவ்ளோதான்.

இந்த ஆவணியில மாப்ள ஸ்வீட்டு பாக்ஸோட வந்தாரு. அந்த ஹாலுக்கு மேல மாடி எடுக்கறாங்களாம். ஆறு கிளாஸ் ரூமு. இவருதான் சூப்பர்வைசராம். நான் கையில எடுத்த மைசூர்பாக திரும்ப பாக்ஸுலயே வெச்சுட்டேன். அந்த மாடி பூரா அந்த வடக்குச் செவுத்து மேலதான் உக்காரணும். ஒரு ரூமுக்கு நாப்பது புள்ளைங்கன்னு வெச்சாலும் எவ்ளோ ஆச்சு, மேல அத்தனை, கீழ ஹால்ல அத்தனை.

மாப்ள, அந்த மூலைன்னேன். அது ஒரு சாண் ஓட்டை அத்தை, அதான் நீங்க அடைச்சிட்டீங்களேன்னாரு.

"அடைச்சது பேப்பருங்க மாப்ள"ன்னேன்.

அவரு சிரிச்சாரு. உலகத்துல எவ்ளோ கட்டடம் அப்படித்தான் நிக்குதுன்னாரு. போகும்போது மட்டும் வாசல்ல நின்னு, இத வெளிய பேசாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. கொரல் ஒரு மாதிரி இருந்துச்சு.

அன்னையிலருந்து எனக்குத் தூக்கமில்ல. கண்ண மூடினா மத்தியானச் சோத்துக்கு உக்காந்திருக்கற புள்ளைங்க தெரியுது. சரி, சொல்லிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு வியாழக்கெழமை நானே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டேன். அங்க மாடி வேலைக்கு வந்த ஒரு சின்ன இஞ்சினியரு பையன், தங்கமான பையன், நாற்காலி போட்டு உக்கார வெச்சுக் கேட்டான். வாங்கம்மா, எடத்தக் காட்டுங்கன்னான். நான் எழுந்து போய் செவுத்துக்கு எதிர்ல நின்னேன்.

காட்ட முடியல.

சிரிக்காத. இல்ல, நீ சிரிக்கல, அந்தப் பையனும் சிரிக்கல. எனக்குத்தான் சிரிப்பு வந்துடுச்சு, பயத்துல. நான் பூசும்போது தரை வெறும் மண்ணு. அங்கருந்து இடுப்பளவுன்னு மனசுல வெச்சிருந்தேன். இப்போ மேடு பண்ணி கல்லு பாவிட்டாங்க, செடி வெச்சுட்டாங்க, செவுத்தோரமா பைப்பு வரிசையா போட்டு புள்ளைங்க கை கழுவுது. அந்தச் செவுத்துல ஒரே மாதிரி தூணு ஒம்போது இருக்கு. எந்தத் தூணுன்னு எனக்கு மறந்து போச்சு. கையால தடவிப் பாக்கறேன், வளையலால தட்டிப் பாக்கறேன். இறுக்கி அடைச்சவ நான், சத்தம் வருமா. கடைசியில ஒரு எடத்தக் காட்டி இதான்னு சொல்லிட்டேன். அவன் ஒரு மிசின வெச்சு டக்குடக்குன்னு அடிச்சான். நம்பரக் காட்டினான். அம்மா, கருங்கல்லு மாதிரி இருக்கும்மான்னான்.

அதோட என் வார்த்தை போச்சு. ரெண்டாவது தடவை போனேன், உள்ள உட்டாங்க. மூணாவது தடவை சுத்தியலோட போனேன், கேட்டுலயே நிறுத்திட்டாங்க. புஸ்தகத்துல வந்த செவுத்த ஒரு பொம்பள சுத்தியலால அடிக்க உடுவாங்களா. அதுக்குள்ள மாப்ளையும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு, மாமியாருக்கு மனசு சரியில்ல, புருசன் செத்ததுலருந்தே அப்படித்தான்னு. அவரு மேல தப்பில்ல. பொழப்பு போயிடும்னு பயம் இருக்கும்ல.

அந்த மூணாவது தடவை முடிஞ்சு வந்த ஞாயித்துக்கெழமை மேகலா வூட்டுக்குப் போனேன், பேரனப் பாக்க. மேகலா மூஞ்சியில பவுடர் போட்டிருந்தா. போட்டா என்ன, வயசுப் பொண்ணுதான. ஆனா இந்தப் பக்கத்துக் கன்னத்துல மட்டும் அப்பியிருந்தா. கலரு சேரல. அவ நெறத்துக்கு அது ஒரு மாத்து ஜாஸ்தி வெள்ள, ஓரத்துல கோடு தெரியுது. எனக்குக் கண்ணு தானா அங்க போயிடுதும்மா, தொழில் அப்படி. கழுத்துப் பக்கம் கொஞ்சம் இழுத்து உட்டிருந்தா தெரிஞ்சிருக்காது. கதவுல இடிச்சுக்கிட்டேன்னா. சரின்னேன். எங்க காலத்துல இல்லாததா. எங்க வூட்டுக் கதவும் இடிக்கும்.

நான் அவகிட்ட என் கவலைய சொன்னேன். இந்த மாதிரி செவுத்த கண்டுபிடிக்க முடியலடி, என்ன பண்றதுன்னே தெரியலன்னு. அதுக்கு அவ கேட்டா, "அந்தச் செவுத்துக்காக மூணு தடவை போயிருக்கியே, என்னை ஒரு தடவையாவது என்னாச்சுன்னு கேட்டியாம்மா?"

என்னத்த கேக்கறது. நல்லாத்தான் இருக்கா. சொந்த வூடு, வாசல்ல வண்டி, ஆம்பளப் புள்ள. அப்போலருந்து போன் பண்ணாலும் எடுக்கறதில்ல. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குக் கோவம் மூக்கு மேல. நீ ஏம்மா அப்படிப் பாக்கற? விடு. நான் செவுத்துக்கு வரேன்.

ஒரு நாளு தண்ணி பிடிக்க நின்னுக்கிட்டு இருந்தேன். எங்க தெரு டேங்கு மேல முந்தின நாளு மழை பேஞ்சு, அது காஞ்சுக்கிட்டு இருக்கு. எப்பவோ எவனோ ஒட்டுப் போட்ட எடம் மட்டும் தனியா கருப்பாத் தெரியுது. அட, எனக்கு ஏன் இது தோணாமப் போச்சுன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். பேட்ச் போட்ட எடம் தண்ணி குடிக்கறது வேற மாதிரிம்மா. மழை பேஞ்சு செவுரு காயும்போது சுத்தி எல்லாம் வெளுத்துடும், அந்த எடம் மட்டும் கொஞ்ச நேரம் ஈரமா நிக்கும். அதுவும் உள்ள பேப்பர் இருந்தா கேக்கவே வேணாம். காஞ்சுட்டா மறுபடி சாமிக்கே தெரியாது.

ஆனா அது வடக்குப் பாத்த செவுரு. ஆவணி புரட்டாசி மழையெல்லாம் மேற்க இருந்து வரும், அதுல ஒரு சொட்டு படாது. குழாய வெச்சு அடிக்கலாம்னா கேட்டுக்குள்ள உட மாட்டேங்கறாங்க. வாடைக் காத்தோட மழை வரணும். பள்ளிக்கூடமும் லீவா இருக்கணும். காலையில நியூஸ்ல லீவுன்னு சொன்னதும் நான் சோறு கூட வடிக்கல, பானைய எறக்கி வெச்சுட்டு ஓடியாரேன். அங்க வாட்ச்மேனு எங்க ஊருக்காரரு, சிங்காரம்னு பேரு. லீவு நாள்ல வா, ஒரு கா மணி நேரம் கண்டுக்க மாட்டேன்னு சொல்லியிருக்காரு. தை பொறந்தா மாடி வேலை ஆரம்பிக்கறாங்க. கம்பி வந்து எறங்கிடுச்சு.

இப்போ உங்கிட்ட எதுக்கு இவ்ளோ கதை சொன்னேன்னு கேளு. என்கிட்ட இருக்கறது பட்டன் போனு. நான் பாத்தேன்னு போய்ச் சொன்னா எவன் நம்புவான். போட்டோ வேணும். நீ ஏறும்போதே உங்கையில இருந்த பெரிய போன பாத்துட்டுத்தான் உம்பக்கத்துல வந்து உக்காந்தேன். உள்ளத சொல்லிட்டேன்.

அரை மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்கு, அடுத்ததுல போயிடலாம். உங்கம்மா வயசு எனக்கு. எறங்கறியா கண்ணு?

இன்னொண்ணு. யாராவது கேட்டா மாப்ள பேரு வர வேணாம். வைப்ரேட்டரு உடாதது, அடைச்சது, பூசினது எல்லாம் நாந்தான்னு சொல்லிடப் போறேன். நீயும் அப்படியே வெச்சுக்க. பொய்யில்லம்மா, அது குடும்பம்.

பாத்தியா, வெளிச்சம் வருது. நிக்கப் போவுது. எழுந்திரு, எழுந்திரு. கண்டக்டர் தம்பி, பனந்தோப்பு.

பாத்து வா, வழுக்கும். சிங்காரண்ணே, நாந்தான். இது என் தங்கச்சி பொண்ணு. ஆமா, கா மணி நேரம். அந்தப் பக்கமா வா. பைப்பு வரிசை இருக்கு பாரு, அதுக்கு எதிர்ல நில்லு.

எல்லாம் கருப்பா இருக்கு, இருக்கட்டும். காத்து அடிக்குது, மேலருந்து காயும். நீ போன வெளிய எடுத்து வெச்சுக்க.

எவ்ளோ அழகா இருக்கு பாரு இந்தச் செவுரு. வெயில் பட்டா பொறா முதுகு மாதிரி இருக்கும். இடிக்க வேண்டியதா ஆயிடுச்சேன்னு வயிறு பத்திக்கிட்டு வருது. இடிக்கத்தான் வேணும். நான் இல்லன்னு சொல்லல.

மேல வெளுக்குது. அந்த மூணாவது தூணு, இஞ்சினியரு பையனுக்கு நான் காட்டினேனே, அது காஞ்சுடுச்சு பாரு. அங்க இல்ல. நாலாவதும் இல்ல. அஞ்சு. ஏழு வரைக்கும் வெளுத்துடுச்சு.

அங்க. பைப்புக்குப் பின்னாடி. எட்டாவது தூணுகிட்ட. தெரியுதா? அந்த ஓரம் அரை வட்டம் அரை வட்டமா வருது பாரு, அது என் கை ஓடின மாதிரி. வலது கையால இப்படித் தேய்ச்சேன், இப்படி. ரேசன் கடை மிசினுக்குத் தெரியாத கை, இந்தச் செவுத்துக்குத் தெரியுது.

இரு. இது என்ன மேல போயிக்கிட்டே இருக்கு.

நான் ஒரு சாண்னு சொன்னேன்ல உங்கிட்ட? எல்லார்கிட்டயும் ஒரு சாண்னுதான் சொன்னேன். இது கீழ தரையிலருந்து என் நெஞ்சு வரைக்கும் இருக்கே. அகலம் மூணு சாண் இருக்கும். தூணு பாதி இதுக்குள்ளதான் இருக்கு. இவ்ளோ பெருசையா நான் பூசினேன்? இல்லம்மா, நான் பொய் சொல்லல, சத்தியமா எனக்கு ஒரு சாண்னுதான் ஞாபகம். மூணு வருசமா ஒரு சாணாத்தான் இருந்துச்சு. புள்ளைங்க இதுலதான சாஞ்சுக்கிட்டு கை கழுவுது. என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்க.

பரவால்ல. நிக்கறேன்.

நான் என் கைய அது மேல வெக்கறேன், போட்டோவுல கையும் சேந்து உழணும். அளவும் தெரியும், யாரு வேலைன்னும் தெரியும். கொஞ்சம் பின்னால போ. தூணு எத்தனாவதுன்னு தெரியற மாதிரி எடு.

என்ன? மேகலா எங்க இருக்காளா? அத ஏன் இப்போ கேக்கற. இங்கருந்து ரெண்டு ஸ்டாப்பிங்தான். ஒரு எட்டு போய்ப் பாக்கறதா? பாக்கலாம், பாக்கலாம், இந்த வேலை முடியட்டும். போன ஏன் கீழ எறக்கற? மேல வெளுத்துக்கிட்டு வருது பாரு, இந்த ஓரம் போயே போச்சு.

அவ எங்க போயிடப் போறா, அங்கதான இருப்பா. இது காஞ்சுடும்மா. எடு.